70 என்றால் உயிர், 71 என்றால் ஊசியா?

ஊர்க்குருவி:
அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல், வர்ஜீனியா மாநிலத்திலிருந்து வந்த அட்கின்ஸ் என்பவரின் வழக்கில் சொல்லிவிட்டது. கொடூரத் தண்டனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் 8-ஆவது திருத்தம்தான் ஆதாரம். ஆனால் யாருக்குக் குறைபாடு என்று பார்ப்பதை மாநிலங்களிடம் விட்டார்கள். புளோரிடா, ஐகியூ (நுண்ணறிவு எண்) 70 என்று கோடு போட்டது. 71 வாங்கிய ஹால் என்ற மரண தண்டனைக் கைதியை மற்ற சான்றுகளைக் காட்டவே விடவில்லை. 2014-இல்தான் அந்தக் கோடு செல்லாது என்றார்கள், அதுவும் 5-4 என்ற கணக்கில்.

கறார்காரன்:
அட்கின்ஸ் செய்ததையும் சொல்லுங்கள். கூட்டாளியோடு சேர்ந்து 21 வயது விமானப்படை வீரரைக் கடத்தி, ஏடிஎம்மில் 200 டாலர் எடுக்க வைத்து, ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் எட்டு முறை சுட்ட வழக்கு. இந்த மூளைக்கு ஐகியூ 59 என்றால் யார் நம்புவது? நடிப்பது சுலபம் என்று நீதிபதி ஸ்கேலியாவே அந்த வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினாரே.

ஊர்க்குருவி:
நடிப்பா? சிறு வயதிலேயே குறைபாடு தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஹாலின் நிலையைக் குறித்து வைத்தது அவருடைய பள்ளி ஆசிரியர்கள். பின்னாளில் கொலை செய்துவிட்டுத் தப்பலாம் என்று எந்தப் பையன் ஃபெயில் ஆவான்?

எனக்கு உறுத்துவது வேறு. அதே வர்ஜீனியாவில் ஏர்ல் வாஷிங்டன், ஐகியூ சுமார் 69. போலீஸ் கேட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டார். கொல்லப்பட்டவர் வெள்ளைக்காரப் பெண்; இவரோ, தான் கொன்றது கறுப்பினப் பெண்ணை என்றார். அப்படியும் வாக்குமூலம் செல்லுபடியானது! 1985-இல் தண்டனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நிறுத்தினார்கள். டிஎன்ஏ சோதனைக்குப் பிறகு 2000-இல் முழு மன்னிப்பு.

கறார்காரன்:
அது விசாரணையின் கோளாறு. குற்றம் உறுதியானவரைப் பற்றித்தானே பேச்சு?

திண்ணைவாசி:
டெக்சஸை விட்டுவிட்டீர்களே. ஒரு நாவலில் வரும், அறிவுசார் குறைபாடுள்ள லென்னி மாதிரி ஆளுக்கு விலக்கு தர மக்கள் சம்மதிக்கலாம் என்று அங்கே நீதிமன்றமே எழுதியது. டாக்டர் எதற்கு, நூலகர் போதும்! 2017-இல் மூர் வழக்கில் அந்த அளவுகோலை உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டது.

கறார்காரன்:
சரி, லென்னி அபத்தம்தான். அலபாமா மாநிலத்து மரண தண்டனைக் கைதி ஸ்மித்துக்கு என்ன சொல்கிறீர்கள்? ஐந்து ஐகியூ சோதனை: 72, 74, 74, 75, 78. ஒன்றுகூட 70-க்குக் கீழே இல்லை.

ஊர்க்குருவி:
சோதனைக்குப் பிழை வரம்பு உண்டு. 72 என்பது 69 ஆகவும் இருக்கலாம் என்றுதான் கீழமை நீதிமன்றம் மேலே போய் அவருடைய அன்றாடத் திறனைப் பார்த்தது.

கறார்காரன்:
அப்படியானால் 78 என்பது 81 ஆகவும் இருக்கலாமே?