புதுப்பிப்பு: டாம்பான் உள்ளே போகவில்லை என்று புலம்பியிருந்தேனே

போன மாதம், டாம்பான் (மாதவிடாய் ரத்தத்தை உறிஞ்ச யோனிக்குள் வைக்கும் பஞ்சுச் சுருள்) பாதியிலேயே முட்டி நிற்கிறது, வலிக்கிறது என்று எழுதியிருந்தேன். இந்த மாதம் சரியாகிவிட்டது.

நேராக மேலே தள்ளாமல், முதுகின் அடிப்பகுதியை நோக்கிச் சாய்த்துத் தள்ளினேன். யோனியின் வாட்டமே அப்படித்தான். கடைசி நாளுக்குப் பதில், உதிரப்போக்கு அதிகமுள்ள நாளில் முயன்றேன். வறண்டிருந்தால் உரசத்தான் செய்யும். அப்புறம் குளிர். குன்னூரில் காலையில் பாத்ரூம் தரையில் வெறுங்காலோடு நின்றால் உடம்பு இறுகாமல் என்ன செய்யும் என்றார், நர்ஸாக இருக்கும் அண்ணி. வெந்நீரில் குளித்து, ஒரு காலை முக்காலி மேல் வைத்து, மூச்சை மெல்ல விட்டபடி விரல் எட்டும்வரை தள்ளினேன். பாதியில் விட்டால்தான் உறுத்தும். சரியாக உட்கார்ந்ததும் இருப்பதே தெரியவில்லை, நூல் மட்டும் வெளியே.

உள்ளே தொலைந்துபோகுமா என்று கேட்டவருக்கு: போகாது. மேலே கருப்பை வாய் இருக்கிறது, அதன் துளை மிகச் சிறியது. சிறுநீர் வரும் வழியும் வேறு, அதற்காகக் கழற்ற வேண்டாம்.

4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்றிவிடுகிறேன். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் (பாக்டீரியா நச்சால் வரும் நோய்) அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. குறைந்த உறிஞ்சுதிறன் உள்ளதையே வாங்குகிறேன். திடீர்க் காய்ச்சல், வாந்தி, மயக்கம், தோலில் தடிப்பு என்றால் எடுத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிதான்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். மழைமாதத்தில் மாதவிடாய்த் துணி காயாமல் அடுப்புக்குப் பக்கத்தில் மறைத்து உலர்த்தியவர். "குளிருக்கு இது பரவாயில்லையே" என்றார். அடுத்து மென்ஸ்ட்ரல் கப் (ரத்தத்தைப் பிடிக்க உள்ளே வைக்கும் சிறு கிண்ணம்) என்கிறார் அண்ணி. இப்போதைக்கு வேண்டாம் தாயே!