மறுமொழி: பவளம் வெளுக்கிறதா, வெளிறுகிறதா?

வணக்கம். ஆங்கிலத்தில் 'coral bleaching' என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லை ஏற்றலாம் என்ற இழைக்கு என் பதில் இது.

> 'பவளப்பாறை வெளுப்பு' என்றே இருக்கட்டும், பத்திரிகைகளில் புழங்கிவிட்டது, இப்போது போய் மாற்ற வேண்டுமா?

புழங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தலைப்பைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு என் அண்ணன் மகள் கேட்டது: "யார் சித்தப்பா கடலுக்குள்ள போய் பிளீச்சிங் பவுடர் போட்டாங்க?" சிரித்துவிட்டேன், ஆனால் அவள் மேல் தப்பில்லை. வெளுப்பு என்றால் நமக்கு முதலில் துணி, அடுத்து சோடா, அப்புறம் வெளுக்கிற ஆள். கிழக்கும்தானே தானாக வெளுக்கிறது என்று இங்கே ஒருவர் மடக்குவார், தெரியும். அது விடியல், நல்ல சேதி. இது அப்படியில்லையே.

கடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம். பவளம் ஓர் உயிரி. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன, அவை ஒளிச்சேர்க்கை செய்து சமைப்பதில் பெரும்பங்கு பவளத்துக்குத்தான் போகிறது, நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதுதான். கோடையின் உச்ச மாதத்தில் வழக்கமாக இருக்கும் வெப்பத்தைவிட 1 பாகை (டிகிரி செல்சியஸ்) கூடுதலாக நான்கு வாரம் நீடித்தாலே பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டு, பவளத்துக்கு அது நஞ்சாகி, குடியிருந்த பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடுகிறது. மிஞ்சுவது கண்ணாடி போன்ற சதை, அதன் வழியே தெரியும் சுண்ணாம்பு எலும்பு. வெள்ளையாகத் தெரிவது எலும்புதான். உயிர் இன்னும் போகவில்லை, பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பிவிடும், இல்லையென்றால் சாவு.

இந்த நிலைக்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. பயந்தவன் முகம் வெளிறுகிறது, நோயில் கிடப்பவன் உடம்பு வெளிறுகிறது. யாரும் பூசவில்லை, யாரும் துவைக்கவில்லை, உள்ளே ஏதோ வற்றியதால் நிறம் போகிறது, ஆளுக்கு உயிர் இருக்கிறது. ஆகவே என் வாக்கு 'பவள வெளிறல்'. 'பவளப்பாறை வெளிறல்' வேண்டாம், பாறை எங்கே வெளிறும்?

> 'நிறமிழப்பு' இன்னும் துல்லியமாக இல்லையா?

துல்லியம்தான், ஆனால் சாயம் போன சட்டைக்கும் அதுவே பொருந்தும். இன்னொருவர் சொன்ன 'பவளச்சோகை' எனக்கு மிகவும் பிடித்திருந்தது, பட்டினியும் நோயும் சேர்ந்தே அதில் வருகின்றன. ஆனால் வினையாக வளையாது. வெளிறியது, வெளிறும், வெளிறாத என்று எழுதிப் பாருங்கள், பிறகு சோகையை வைத்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 'பிடித்த' போட்டாக வேண்டும்.

அவசரம் ஏனென்றால் இந்தச் சொல் இனி அடிக்கடி தேவைப்படும். 1998இல் முதல் உலகளாவிய வெளிறல், அப்போது வெளிறச் செய்யும் அளவு வெப்பம் தாக்கியது உலகப் பவளத்திட்டுகளின் பரப்பில் 21 விழுக்காட்டை. 2010இல் 37, 2014 முதல் 2017 வரை 68. 2023இல் தொடங்கிய நான்காவதில் 84. நம் மன்னார் வளைகுடாவிலும் 2010, 2016 இரண்டிலும் வெளிறியது. செய்திகளிலோ 'பவளப்பாறைகள் அழிந்தன' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வெளிறியது வேறு, செத்தது வேறு, இதைச் சொல்லிலேயே பிரிக்காவிட்டால் கணக்கும் குழம்பும்.

இலங்கை நண்பர் 'முருகைக்கல் வெளிறல்' என்று எழுதியிருந்தார். அங்கே பாடநூலிலேயே பவளத்துக்கு முருகைக்கல் என்ற பெயர் உண்டு, நல்ல சொல், அவர்கள் அதை விடவே கூடாது. வெளிறல் இரண்டு கரைக்கும் பொதுவாக இருந்தால் போதும். பாறை என்று எழுதும் இடங்களில் மீனவர்கள் சொல்லும் 'பார்' என்பதைக் கொண்டுவரலாமா என்பது தனி இழைக்கான சண்டை, இதில் கலக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கி. பாசி திரும்பி நிறம் வருவதை 'மீட்சி', 'மீளுருவாக்கம்' என்றெல்லாம் எழுதுகிறோம். வெளிறல் என்று வைத்துக்கொண்டால் அதற்கு இணை வீட்டிலேயே இருக்கிறது: காய்ச்சலில் கிடந்தவர் தேறுகிறார். 'வெளிறிய பவளத்தில் பாதி தேறியது' என்று எழுதினால் யாருக்காவது விளங்காமல் போகுமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.