வான்கோழி வேட்டைக்குப் பொம்மை தேவையா?

காட்டுவாசி: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டை சீசனின் முதல் 10 நாள், பறவையை ஏமாற்றி வரவழைக்கும் டிகாய் பொம்மை வைக்கக் கூடாது என்று 2022-இல் விதி போட்டார்கள். எல்லா மாநிலமும் இதைச் செய்ய வேண்டும். பெட்டை மாதிரி குரல் கொடுத்து, மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து சேவலை வரவழைப்பதுதான் இந்த வேட்டையின் உயிர். வாலை விரித்து நிற்கிற பொம்மைச் சேவலை வயல் நடுவே நட்டால், அந்த வட்டாரத்துப் பெரிய சேவல் சண்டைக்கு ஓடி வந்து முதல் வாரத்திலேயே சாகிறது. பெட்டைகளோடு சேரும் காலத்தில் அதைச் சுடுவது இனப்பெருக்கத்தையே குலைக்கலாம் என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வான்கோழி ஆராய்ச்சியாளர் மைக் சேம்பர்லின் எச்சரிக்கிறார்.

வில்லாளி: அண்ணே, உங்களிடம் துப்பாக்கி இருக்கிறது, 40 யார்டில் சுடுவீர்கள். என்னிடம் வில். தலையைக் கொஞ்சம் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும் பறவை முன்னால் நாணை இழுத்துப் பாருங்கள், அடுத்த நொடி அது அங்கே இருக்காது. நான் இளஞ்சேவல் பொம்மையை 15 யார்டில் என்னைப் பார்த்த மாதிரி வைப்பேன். வருகிற சேவல் அதைச் சுற்றி வந்து நேருக்கு நேர் நிற்கும், தலை வெளுத்து, இறக்கை நுனி தரையில் உரச. அப்போது அதன் முதுகு என் பக்கம், விரிந்த வால் அதன் கண்ணை மறைக்கும். நாணை இழுக்க அந்த ஒரு கணம்தான் கிடைக்கிறது. தூரத்திலிருந்து அம்பு விட்டு, காயத்தோடு ஓடவிட்டுச் சாகடிப்பதுதான் உங்களுக்குச் சரியா?

ஒஹாயோ அக்கா: நட்டு வைக்கிற பொம்மையில் எனக்குப் பிரச்சனை இல்லை தம்பி. சேவலின் விரிந்த வாலை விசிறி மாதிரி கையில் பிடித்து, அதன் பின்னால் மறைந்து சேவலை நோக்கித் தவழ்ந்து போகிறார்களே, அதைத்தான் நிறுத்த வேண்டும். பொது நிலத்தில் எந்தப் புதருக்குப் பின்னால் யார் துப்பாக்கியோடு இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? சேவல் தலையின் நிறம் என்பதால் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கைக்குட்டைகூட வேண்டாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள், அப்புறம் இவர்கள் சேவலாகவே வேஷம் போட்டுப் போகிறார்கள். டென்னசி, அரசு வேட்டை நிலங்களில் இதைத் தடை செய்துவிட்டது.

காட்டுவாசி: அக்கா சொல்வது முழுக்கச் சரி. தம்பி, வில்லுக்கு விலக்கு கொடுக்கட்டும், எதிர்க்க மாட்டேன். ஆனால் கடையில் அந்தப் பெரிய பொம்மையை வாங்குகிறவர்களில் வில்லோடு போகிறவர் எத்தனை பேர்?

வில்லாளி: தென் மாநிலங்களில் பறவை குறைவதற்குப் பொம்மை மட்டுமா காரணம்? கூடு வைக்கப் புதர்க்காடு இல்லை, ரக்கூன் என்கிற சிறு விலங்கு முட்டையைத் தின்கிறது. நிறையச் சுடுகிறார்கள் என்றால், ஒருவர் ஒரு சீசனில் எத்தனை சுடலாம் என்கிற வரம்பைக் குறைக்கட்டும். அலபாமா அதையும்தானே செய்தது, 5-லிருந்து 4.

காட்டுவாசி: 4-ஐ 2 ஆக்கினாலும் பொம்மைக்கு முதலில் ஓடி வருவது அதே பெரிய சேவல்தான். வரம்பு எத்தனை சுடலாம் என்றுதான் சொல்லும், எதைச் சுடலாம் என்று சொல்லாது.