மஸ்திஹா: ஊசோ போலத் தண்ணீர் கலக்க வேண்டுமா?

வழிப்போக்கன்:
ஏதென்ஸில் இரவுச் சாப்பாடு முடிந்ததும், கேட்காமலே ஒரு சின்னக் கிளாஸில் நிறமில்லாத மது ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். நல்ல இனிப்பு, கூடவே மரப்பிசின் வாசனை. மஸ்திஹா என்றார்கள். பிடித்துப்போய் ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். எப்படிக் குடிப்பது? ஊசோ என்ற கிரேக்கச் சோம்பு மதுவுக்குச் செய்வது போல இதிலும் தண்ணீர் கலக்க வேண்டுமா? பல்கேரியாவில் மாஸ்டிகா என்று ஒன்று குடித்தேன், அதில் சோம்பு வாசனைதான் வந்தது. இரண்டும் ஒன்றா?

ராமு_74:
ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீர் வேண்டாம்.

கியோஸ்வாசி:
ராமு சொன்னதுதான் சரி. ஐஸ் கட்டியும் போடாதீர்கள், கரையக் கரைய வாசனை போய்விடும். பல்கேரிய மாஸ்டிகா சோம்புச் சரக்கு, 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கும். இங்கே கிடைக்கும் மஸ்திஹா லிக்கர், அதாவது இனிப்பு மது, பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம்தான்.

நான் இருப்பது கிரீஸின் கியோஸ் தீவில். மஸ்திஹாவுக்கு அந்த வாசனை தரும் பிசினுக்காக மரம் வளர்ப்பது தீவின் தென்பகுதியில் உள்ள பிர்கி, மெஸ்தா போன்ற ஊர்களில். கோடையில் மரத்தடியைப் பெருக்கி, வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணைச் சலித்துப் பரப்புகிறார்கள். அப்புறம் பட்டையில் சின்னச் சின்னதாகக் கீறிவிடுவார்கள். சொட்டும் பிசின் அந்த மண்ணில் விழுந்து இரண்டு மூன்று வாரத்தில் இறுகும். கண்ணீர்த் துளி என்றுதான் சொல்கிறார்கள். அதன் பிறகுதான் பெரிய வேலை. சலித்து, கழுவி, ஒட்டியிருக்கும் தூசியையும் பட்டைத் துணுக்கையும் சின்னக் கத்தியால் ஒவ்வொரு துளியாகச் சுரண்ட வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு இந்த லிக்கரை மடக்கென்று குடிக்க எனக்கு மனம் வராது.

2012 காட்டுத்தீயில் நிறைய மரங்கள் போயின. புதுக்கன்று பிசின் தரவே ஐந்தாறு வருடம் ஆகும். பிசின் அவ்வளவு அரிது, அதனால் லேபிளில் கியோஸ் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லிக்கருக்கு அந்தப் பெயரை ஐரோப்பிய ஒன்றியம் சட்டப்படி பாதுகாக்கிறது, வெறும் எசென்ஸ் கலந்த சரக்கை அந்தப் பெயரில் விற்க முடியாது.

மல்லிகா:
எங்கள் வீட்டில் யாரும் மது தொடமாட்டோம். வாசனை மட்டும் எப்படி இருக்கும் என்று பார்க்க ஏதாவது வழி உண்டா?

கியோஸ்வாசி:
தாராளமாக, அக்கா. இறுகிய பிசினைத் துளியாகவே விற்கிறார்கள், வாயில் போட்டு மெல்லலாம். முதலில் லேசாகக் கசக்கும், துப்பிவிடாதீர்கள். சமையலுக்கு என்றால் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு சேர்த்து இடியுங்கள், இல்லாவிட்டால் உரலில் ஒட்டிக்கொள்ளும். பால் ஐஸ்கிரீமில் போட்டுப் பாருங்கள், அவ்வளவு நன்றாக இருக்கும்.

வழிப்போக்கன்:
லேபிளில் கியோஸ் இருக்கிறது! பாட்டில் ஃப்ரீசருக்குப் போயாச்சு.