கத்தோலிக்கக் கோவிலிலோ கோவில் சடங்கிலோ நடந்தது, இன்னும் மனதைவிட்டுப் போகாதது: உங்களுக்கு எது? (புனைபெயரிலேயே எழுதலாம்.)

கடைசி பெஞ்ச்

அப்பாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, பங்குத்தந்தைக்குப் போன் போட்டுவிட்டார். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஃபாதர் வந்து பையிலிருந்து ஸ்டோலை, சடங்குக்குப் போடும் அந்த நீளத்துணியை, எடுத்துக் கழுத்தில் போட்டதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் என்றால், அவர் வயது ஆட்களுக்கு அது சாவுக்கு முன்னால் கொடுப்பது. ஃபாதரைப் பார்க்கவே இல்லை. அம்மாவைப் பார்த்து, "டாக்டர் என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு உன்கிட்ட வேற சொன்னாரா?" என்று கேட்டார்.

ஃபாதர் எண்ணெய்ச் சிமிழை மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறக்கவில்லை. ராத்திரி தூக்கம் வருகிறதா, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறாரா என்று என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார். அப்புறம்தான், "ஆபரேஷனுக்குப் போறவங்க கோவிலுக்கே வந்து இதை வாங்கிட்டுப் போறாங்க. உங்களுக்கு வேண்டாம்னா சும்மா பாத்துட்டுப் போறேன்" என்றார்.

அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே எடுத்து வைத்தார். ஒன்றில் ட்ரிப்ஸ் ஊசியும் பிளாஸ்டரும். நெற்றியில் பூசிய பிறகு, பிளாஸ்டரில் பட்டுவிடாமல் ஃபாதர் கட்டைவிரலால் உள்ளங்கைகளில் சிலுவை போட்டார். பின்னாலேயே வந்த நர்ஸ் பிளாஸ்டர் மாற்றப் பார்த்தார், எண்ணெய்க் கையில் ஒட்டவில்லை. துடைக்கட்டுமா என்று கேட்டதற்கு அப்பா, "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றார்.

இப்போது நன்றாக இருக்கிறார். பூசைக்கு நடந்தே போய்வருகிறார். ஆனால் நானும் அம்மாவும் அடுக்களையில் குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும், "என்ன சொன்னாராம் டாக்டர்?" என்று ஹாலிலிருந்து சத்தம் வரும்.

பழைய பீடச்சிறுவன்

உங்கள் அப்பாவாவது ஸ்டோலைப் பார்த்தார். நான் பீடத்தில் உதவிக்கொண்டிருந்த வயதில் ஒரு வீட்டுக்கு ஃபாதருடன் போனேன். வாசலிலேயே மருமகள் மறித்து, "அங்கியைக் கழற்றிட்டு வாங்க ஃபாதர், பார்த்தா பயந்துருவாரு" என்றார். உள்ளே போனதும் பெரியவரிடம் இவர் புது டாக்டர் என்று அறிமுகம் செய்துவிட்டார். பெரியவர் எழுந்து உட்கார்ந்து நாக்கை நீட்டினார். ஃபாதர் அந்த நாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பையில் நற்கருணை அப்பம் இருக்கிறது, அதை நாக்கில்தான் வைப்பார்கள். என்ன செய்வார் பாவம்! "நான் டாக்டர் இல்லை, பங்குச்சாமியார்" என்று சொல்லிவிட்டார். பெரியவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார், மருமகளைத் திட்டினார், அப்புறம் மறுபடி நீட்டினார்.

நோயில்பூசுதல் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று, ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே எழுதிவிட்டது. 1972-ல் போப் ஆறாம் பவுல் சடங்கையே திருத்தினார். நோய் கடுமையாகும்போதே கூப்பிடலாம், முதுமையில் தளர்ந்தவர்களும் வாங்கலாம், பிழைத்து மறுபடி விழுந்தால் மறுபடியும் வாங்கலாம். நாம் மட்டும் மூச்சு இழுக்கிற நேரத்தில்தான் போனை எடுக்கிறோம். அந்த நேரத்தில் ஃபாதர் வேறொரு அடக்கத்தில் இருப்பார். போன் எடுக்கவில்லை என்று அவரைத் திட்டுவோம். டீக்கனை, குருவுக்கு அடுத்த நிலையில் இருப்பவரை, அனுப்பக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள், அவரால் இது முடியாது, குருவால் மட்டும்தான்.

இரவு ஷிப்ட்

நான் கிறிஸ்தவள் இல்லை. கூட வேலை பார்க்கும் தோழி இதைக் காட்டி, நீயும் எழுது என்றாள்.

பச்சிளங்குழந்தை ஐசியூ. மாதம் நிறையாத பெண் குழந்தை, துடிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. தாய் இன்னும் ஆபரேஷன் தியேட்டரில். கதவருகே நின்ற தகப்பன், "ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா, யாராவது" என்றார். தோழி கத்தோலிக்கப் பெண், ஆனால் அவள் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகை அழுத்திக்கொண்டிருந்தாள், விட முடியாது. டாக்டரின் விரல்கள் குழந்தையின் நெஞ்சில். மிச்சம் இருந்தது நான்.

"தண்ணிய எடு. நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொல்லு. சொல்லும்போதே ஊத்தணும், முன்னாடியும் வேண்டாம் பின்னாடியும் வேண்டாம்" என்றாள்.

ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூலை உடைத்து சிரிஞ்சில் எடுத்தேன். ஜில்லென்று இருந்தது, சிரிஞ்சைக் கைக்குள் பொத்திச் சூடாக்கப் பார்த்தேன். அதற்கெல்லாம் நேரம் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. குழந்தையின் நெற்றி முழுக்கக் குழாயும் டேப்பும். டேப்புக்கும் முடிக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. தந்தை, மகன், தூய ஆவியார் என்று ஒவ்வொரு பெயருக்கும் அந்த இடத்தில் விட்டேன். காதோரமாக வழிந்தது. தோழி பேகை அழுத்துகிற தாளத்திலேயே வார்த்தைகளையும் சொன்னாள், நானும் அதே தாளத்தில் சொன்னேன்.

குழந்தை விடியும்வரை இருந்தது. நான் டியூட்டி முடிந்து கிளம்பும்போது தாயை வீல்சேரில் கொண்டுவந்தார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்ன பேர் சொல்லி ஊத்துனீங்க?"

பெயர் எதுவும் சொல்லவில்லை. தோழிக்கும் தோன்றவில்லை. "பாப்பா" என்று சொன்னதாகத்தான் ஞாபகம். அவர் தலையாட்டிவிட்டு, வைக்க நினைத்திருந்த பெயரை என்னிடம் சொன்னார்.

நேர்கோடு

வருத்தமான விஷயம்தான். ஆனால் கண்ணீர் வருகிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஆமென் போட முடியாது. நம்பிக்கையே இல்லாத ஒருவர் கொடுத்த ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, எப்படிச் செல்லும்? 2020-ல் வத்திக்கான் என்ன சொன்னது? "நான்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்று சொல்லிக் கொடுத்தவை செல்லாது, மறுபடி கொடுக்க வேண்டும் என்று சொன்னது. ஒரு சொல் மாறியதற்கே அந்தப் பாடு.

என் கதையைக் கேளுங்கள். அக்கா குழந்தையின் திருமுழுக்கில் அதை ஏந்தி ஞானத்தந்தையாக நிற்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். திருமுழுக்குக்கு அடுத்து வாங்கும் உறுதிப்பூசுதலை வாங்கியிருக்கிறாயா என்று கேட்டார்கள், இல்லை என்றேன், அவ்வளவுதான். முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். என் கையில் இருந்த குழந்தையை மைத்துனரின் தம்பிக்குக் கைமாற்றினார்கள். அது வீறிட்டு அழுதது, கோவிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. சட்டம் எனக்கு மட்டும்தானா?

மறைக்கல்வி டீச்சர்

தம்பி, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஞானப்பெற்றோருக்குப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் வாங்கியிருக்க வேண்டும் என்பதெல்லாம் யார் நிற்கலாம் என்பதற்கான விதி. திருமுழுக்கு செல்லுமா என்பது வேறு கேள்வி. திருச்சபைச் சட்டம் 861: அவசரத்தில், சரியான எண்ணம் உள்ள எவரும் கொடுக்கலாம். திருமுழுக்கு பெறாதவரும் கொடுக்கலாம் என்று மறைக்கல்வி நூல் 1256-ஆம் எண்ணில் சொல்கிறது. இது புதுசும் இல்லை, 1439-ல் ஃபுளோரன்ஸ் சங்கத்திலேயே எழுதி வைத்தது. திருச்சபை செய்வதைச் செய்ய வேண்டும் என்கிற எண்ணம் போதும். அந்த நர்ஸ் அம்மாவுக்கு அதைவிட வேறு என்ன எண்ணம் இருந்திருக்கும்? நீங்கள் சொன்ன 2020 விவகாரம் வார்த்தையை மாற்றியவர்களுக்கு. இவர் மாற்றவில்லை.

என்னை உறுத்துவது சின்ன விஷயம். முதல் நன்மைக்கு, அதாவது முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு, முன்னால் பிள்ளைகளைப் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போனேன், பாவங்களைக் குருவிடம் ரகசியமாகச் சொல்வது அது. மறந்துவிடக் கூடாது என்று பாவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பையன் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து வரிக்கு வரி எழுதிக்கொண்டிருக்கிறான். எட்டிப் பார்த்தேன், மூன்றாவது வரி, "தம்பியை அடித்தேன்". இவன் ஒற்றைப் பிள்ளை! உனக்குத்தான் தம்பி இல்லையேடா என்றேன். "இல்ல டீச்சர், இருந்தா அடிச்சிருப்பேன்" என்றான். சிரித்துவிட்டேன். அதற்குள் அவன் முறை வந்து உள்ளே போய்விட்டான். அந்த வரியையும் சேர்த்துச் சொன்னானா என்று அவனிடம் கேட்க முடியாது, ஃபாதரிடம் கேட்கவே முடியாது.

ஓரத்து இருக்கை

எனக்கு ஞாயிறுதோறும் நடக்கிறது. முதல் திருமணம் கோவிலில், முறிந்துவிட்டது. இரண்டாவது பதிவு அலுவலகத்தில். அதனால் எனக்கு நன்மை கிடையாது. நன்மை வாங்கப் போகும் நேரத்தில் வரிசை முழுக்க எழும்பும். நான் முழங்காலைச் சாய்த்து வழி விடுவேன், திரும்பி வரும்போது மறுபடி சாய்ப்பேன். இதற்காகவே ஓரத்தில் உட்காரமாட்டேன் என்று முடிவு செய்து நடுவில் உட்கார்ந்தால் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் இடிப்பார்கள். அதனால் மறுபடி ஓரம்.

ஒரு தடவை ஒரு சிறுமி என் காலை மிதித்துவிட்டு நின்றுவிட்டாள். "அங்கிள், உங்களுக்குக் கிடையாதா?" என்று சத்தமாகக் கேட்டாள். பின்னால் வரிசை நகரவில்லை. அவளுடைய அம்மா அவள் தோளைப் பிடித்துத் தள்ளிய வேகம்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குழந்தை கேட்டது வலிக்கவே இல்லை.

ஆபீஸ் மேஜை

@ஓரத்து இருக்கை: சகோ, பங்கு அலுவலகத்தில் உட்காருகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். மறைமாவட்டத்தில் திருச்சபைக்கென்றே இருக்கும் நீதிமன்றத்தில் மனு போட்டீர்களா? முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததா என்று விசாரிப்பார்கள். இது விவாகரத்து இல்லை, நிறைய பேர் அப்படி நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே வருவதில்லை. முன்பு சாதகமான தீர்ப்பு கிடைத்தாலும் இரண்டாவது நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்த வேண்டும். 2015-ல் போப் பிரான்சிஸ் அதை எடுத்துவிட்டார், மேல்முறையீடு வராவிட்டால் ஒரே தீர்ப்பு போதும். இரு தரப்பும் சேர்ந்து கேட்டு, காரணமும் வெளிப்படையாக இருந்தால் ஆயரே தீர்ப்பு சொல்லும் குறுகிய வழியும் உண்டு. முதலில் பங்குத்தந்தையைப் பாருங்கள், திருமணச் சான்று, திருமுழுக்குச் சான்று இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். சாட்சி சொல்ல, திருமணத்துக்கு முன்பிருந்தே உங்களைத் தெரிந்தவர்கள் வேண்டும். பிறகு பழக்கமானவர்கள் அவ்வளவாகப் பயன்பட மாட்டார்கள். அதுவரைக்கும் கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு வரிசையில் போனால் ஆசீர் கொடுப்பார்கள், உட்கார்ந்தே இருக்க வேண்டாமே.

@இரவு ஷிப்ட்: அக்கா, நீங்கள் இதைப் பங்குத்தந்தைக்குத் தெரிவித்தீர்களா? பங்குத்தந்தை இல்லாத இடத்தில் யார் கொடுத்தாலும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சட்டம் 878. நாள், இடம், கொடுத்தவர், பெற்றோர், சாட்சிகள் எல்லாம் எழுதப்படும். எழுதாமல் விட்டு வருடக்கணக்கில் கழித்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன். கல்யாணத்தைக் கோவிலில் முன்கூட்டியே அறிவிக்கும் அறிக்கை வாசிக்கப் போகிற வாரத்தில் ஒரு பெண் வந்தாள். பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. அவளுடைய அண்ணன் பெயர் இருக்கிறது, அடுத்த பக்கம் வேறு குடும்பம். விரலை வைத்து வரி வரியாக அவளே தேடினாள், பக்கத்தைத் திருப்பித் திருப்பி. கடைசியில் ஞானத்தாய் ஒருவர் உயிரோடு இருந்தார், அவர் எழுதிக் கொடுத்ததை வைத்து முடித்தோம். நம்பத்தகுந்த ஒரு சாட்சி போதும் என்று 876-இல் இருக்கிறது. ஆனால் அந்தச் சாட்சி கிடைக்க வேண்டுமே. எனவே எல்லாரும் உங்கள் பிள்ளைகளின் சான்றை எடுத்து எழுத்துப்பிழை பாருங்கள். தாத்தா பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் இப்போதே சொல்லுங்கள், பாஸ்போர்ட் அவசரத்தில் வந்து நிற்காதீர்கள்.

ஓரத்து இருக்கை

நான் யோசனை கேட்கவில்லை சகோ. மனு போட்டாயிற்று.

நேர்கோடு

கையைக் கட்டிக்கொண்டு போகிற ஆசீர் பூசைப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது? பூசை முடிவில் எல்லாருக்கும் ஆசீர் உண்டு, இவருக்கும் சேர்த்துத்தான். அவர் உட்கார்ந்திருப்பது அவர் விருப்பம்.

மறைக்கல்வி டீச்சர்

இதில் மட்டும் தம்பியோடு ஒத்துப்போகிறேன். புத்தகத்தில் இல்லை. ஆனால் பல பங்குகளில் கொடுக்கிறார்கள், போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆபீஸ் மேஜை, குழந்தை இறந்துவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். கல்யாணச் சான்றைப் பற்றி அவரிடம் ஏன் பேசுகிறீர்கள்?

ஆபீஸ் மேஜை

படித்தேன் டீச்சர். இறந்த குழந்தைக்கும் பதிவு உண்டு, அதற்காகத்தான் சொன்னேன். பெயர் சொல்லாமல் கொடுத்தாலும் செல்லும். பெற்றோர் வந்து சொல்லும் பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள்.

இரவு ஷிப்ட்

அப்படியா? அந்தப் பெயரையேவா? தகப்பனின் நம்பர் தோழியிடம் இருக்கிறது, அவள் அடக்கத்துக்குப் போயிருந்தாள். அவளைப் பேசச் சொல்கிறேன்.

கொடுத்தவர் என்று சொன்னீர்களே, அங்கே யார் பெயரை எழுதுவார்கள்? தோழியின் பெயரா?

ஆபீஸ் மேஜை

தண்ணீர் ஊற்றி வார்த்தை சொன்னது யாரோ அவர் பெயர்தான். உங்களுடையது. தோழி சாட்சி, டாக்டரையும் சாட்சியாகப் போடலாம்.

நேர்கோடு

கொடுத்தவரின் மதம் என்ன என்று அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் இருக்கிறதா?

ஆபீஸ் மேஜை

இல்லை.