தோட்டத்துத் தீ வீட்டைப் பிடித்துவிட்டது: 8,000 வெள்ளிக்குக் கையெழுத்துப் போடலாமா?

லங்காட்_தாமான்:
வணக்கம். மலேசியா, சிலாங்கூர், பந்திங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) அக்காவின் ஒருமாடி வீடு. பக்கத்து நிலத்தைத் துப்புரவு பண்ண வைத்த தீ லாலான் புல்லில் பரவி வேலி தாண்டி வந்துவிட்டது. சமையலறையும் பின்னறையும் போச்சு, கூரைச் சட்டமெல்லாம் கரி. வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது. கடன் எடுத்தபோது "இன்சூரன்ஸ் சேர்த்தாச்சு" என்றார்களாம். இப்போது நிலத்துக்காரரின் ஆள் 8,000 வெள்ளியோடு (ரிங்கிட்) ஒரு தாளை நீட்டுகிறார். வாங்கலாமா? முதலில் எங்கே போவது?

பாலிசி_கண்ணாடி:
அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். "முழு, இறுதித் தீர்வு" என்று ஒரு வரி இருந்தால் பிறகு வழக்குப் போட முடியாது. காப்புறுதிக்கும் சேர்த்துத்தான் கேடு. நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, தீ வைத்தவரிடம் உங்கள் உரிமையின் பேரில் வசூலிக்கும். அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டால் உங்கள் கோரிக்கையையே மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

அடுத்து, "இன்சூரன்ஸ் சேர்த்தாச்சு" என்பதை நம்பி உட்கார வேண்டாம். பல வீடுகளில் அது எம்ஆர்டிஏ என்ற வீட்டுக்கடன் ஆயுள் காப்புறுதி மட்டும்தான். கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ கடனை அடைக்கும், வீடு எரிந்தால் ஒரு காசு தராது. வங்கியிடம் தீக் காப்புறுதியின் பாலிசியையும், எதற்கு எவ்வளவு காப்பு என்ற அட்டவணைத் தாளையும் எழுத்து மூலம் கேளுங்கள்.

தாள் வந்ததும் தலைப்பைப் பாருங்கள். 'ஹவுஸ்ஓனர்' பாலிசி என்றால் தீ, நிலத்தடித் தீ, வெள்ளம் எல்லாம் சேர்ந்தே வரும். வெறும் 'ஃபயர்' பாலிசி என்றால்தான் வம்பு. காடு, புதர், லாலான் எரிந்து வந்த சேதமும், தீ வைத்து நிலம் துப்புரவு செய்ததால் வந்த சேதமும் அதன் விலக்குப் பட்டியலில் இருக்கும். கூடுதல் கட்டணம் கட்டி 'புஷ், லாலாங் ஃபயர்' இணைப்பு எடுத்திருந்தால் மட்டுமே காப்பு. தோட்டத்தை ஒட்டி வீடு கட்டியவர்களுக்கு இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்வதில்லை.

கரிக்கட்டை:
இடத்தைச் சுத்தம் பண்ணிவிடாதீர்கள். நிறுவனம் அனுப்பும் சேத மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை எரிந்த பிரிட்ஜ்கூட அங்கேயே கிடக்கட்டும். தார்ப்பாய் போட்டு மழையைத் தடுப்பது மட்டும் உங்கள் கடமை, அந்த ரசீதை வைத்திருங்கள். போலீஸ் புகார், பொம்பா (தீயணைப்புத் துறை) அறிக்கைக்கு விண்ணப்பம், நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தகவல், மூன்றையும் உடனே செய்யுங்கள். வழக்கமான தீப் பாலிசியில் கோரிக்கையை 15 நாளுக்குள் எழுத்தில் தரச் சொல்லும் நிபந்தனை உண்டு. பொம்பா அறிக்கை வரவில்லை என்று காத்திருந்து அதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். அறிக்கையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

தொகை ஏன் குறைந்து வருகிறது என்று பலர் சண்டை போடுவார்கள். கணக்கு இதுதான்: வீட்டைத் திரும்பக் கட்ட 200,000 வெள்ளி ஆகும், காப்புறுதி எடுத்தது 120,000க்கு, அதாவது 60 விழுக்காடு. சேதத்திலும் அதே 60 விழுக்காடுதான் தருவார்கள்: சேதம் 70,000 என்றால் கையில் வருவது 42,000. வீட்டின் சந்தை விலை இந்தக் கணக்கில் வராது, நிலத்தின் விலையும் வராது.

ஹவுஸ்ஓனர் பாலிசி கட்டடத்துக்குத்தான், வீட்டுப் பொருள்களுக்குத் தனியே 'ஹவுஸ்ஹோல்டர்' பாலிசி வேண்டும். அதிலும் நகைக்கு மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் உச்சம். தனிப்பொருள் ஒன்றுக்கு 5 விழுக்காடு, பட்டியலில் எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. தாலிக்கொடி ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

லங்காட்_தாமான்:
நன்றிங்க. நேற்று வேலி ஓரம் மறுபடி புகை. பொம்பா அணைத்துவிட்டுத்தானே போனார்கள்?

கரிக்கட்டை:
அது காம்புட் மண், மக்கிய செடிகொடி சேர்ந்த கரிமண். மேலே அணைந்தாலும் அடியில் வேரோடு வேராகக் கனன்றுகொண்டிருக்கும். வெள்ளைச் சாம்பலும் மெல்லிய புகைக்கோடும் தெரிகிற இடத்தில் காலை வைக்காதீர்கள், உள்ளே குழியாக இருக்கலாம். மறுபடி 999ஐக் கூப்பிடுங்கள், தேதி தெரியப் படம் எடுங்கள். மறுபடி பற்றிக்கொண்டு ஏதாவது சேதமானால் அதையும் நிறுவனத்துக்குத் தனியாக எழுதுங்கள்.

செஷன்ஸ்_வாசல்:
நிலத்துக்காரர் விஷயம். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. 29பி பிரிவுப்படி, தம் நிலத்தில் எரிந்தால் உரிமையாளரோ குடியிருப்பவரோதான் பொறுப்பு, தாம் இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். சுற்றுச்சூழல் துறையில் புகார் கொடுங்கள். ஆனால் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், அக்காவுக்கு வராது. குற்றவியல் வழக்கில் தண்டனை விழுந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426வது பிரிவில் இழப்பீட்டு உத்தரவு கேட்கும்படி அரசுத் தரப்பிடம் எழுதிக் கொடுக்கலாம்.

சிவில் வழக்குக்குத் தீபகற்ப மலேசியாவில் 6 ஆண்டு அவகாசம், அரசாங்க அமைப்பின் மேல் என்றால் 36 மாதம்தான். 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 10 லட்சம் வரை செஷன்ஸ். வழக்கறிஞருக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவித் துறையில் வருமானத் தகுதி பார்ப்பார்கள். தீ எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதற்கு பொம்பா அறிக்கைதான் உயிர். பக்கத்து வீட்டாரின் கைப்பேசிக் காணொளிகளை அழிவதற்குள் வாங்கி வையுங்கள்.

காப்புறுதி நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களிடமே புகார் செய்து இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள், நிதி நிறுவனங்கள் மேலான புகாரை விசாரிக்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். 250,000 வெள்ளி வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை.

பாலிசி_கண்ணாடி:
ஒன்று விட்டுப்போச்சு. வீடு எரிந்தாலும் மாதத் தவணை நிற்காது. வங்கியிடம் தவணை ஒத்திவைப்பு கேளுங்கள், மசியவில்லை என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பின் இலவச ஆலோசனைக்குப் போங்கள். பாலிசியில் வங்கியின் பெயர் இருப்பதால் காப்புறுதிக் காசும் முதலில் அங்கேதான் போகும். அதைக் கடனில் கழிப்பார்களா, கட்டுமானத்துக்குக் கட்டம் கட்டமாக விடுவார்களா என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டுமானக் குத்தகைக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். வாடகை வீட்டுக்குப் போயிருந்தால் ரசீது வைத்திருங்கள். ஹவுஸ்ஓனர் பாலிசியில் பொதுவாகக் காப்புத் தொகையின் 10 விழுக்காடு வரை அதற்கும் கிடைக்கும்.