புதுப்பிப்பு: ஜெர்மன் இறந்தகாலச் செயப்பாட்டு வினையில் 'வோர்டன்'

முந்தைய இழையில் செயப்பாட்டு வினையை 'வுர்டெ' ('வெர்டன்' என்ற துணைவினையின் இறந்தகால வடிவம்) வைத்து அமைப்பதை மட்டும் எழுதியிருந்தேன்: "டி ஃப்ராவன்கிர்ஷெ வுர்டெ 1945 ட்ஸெர்ஷ்டோயர்ட்", அதாவது டிரெஸ்டனில் உள்ள அந்தத் தேவாலயம் 1945-இல் அழிக்கப்பட்டது. அப்போ பெர்ஃபெக்ட்டில் (துணைவினை சேர்த்து அமைக்கும் இன்னொரு இறந்தகாலம்) என்ன ஆகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள், நல்ல கேள்வி.

அங்கே துணைவினை 'இஸ்ட்', கடைசியில் 'வோர்டன்': "ஸீ இஸ்ட் வீடர் ஆவ்ஃப்கெபாவ்ட் வோர்டன்", அது மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. இந்த இடத்தில் 'கெவோர்டன்' போடவே கூடாது, அது "எஸ் இஸ்ட் கால்ட் கெவோர்டன்" (குளிராகிவிட்டது) மாதிரி தனி வினையாக வரும்போது மட்டும்தான். 'இஸ்ட்'டுக்குப் பதில் 'வார்' போட்டால் ப்ளுஸ்குவாம்பெர்ஃபெக்ட் (இறந்தகாலத்துக்கும் முன்பு நடந்ததைச் சொல்வது), அவ்வளவுதான்.

ஆனால் 'வார்' மட்டும் வைத்து 'வோர்டனை' விட்டுவிட்டால் பொருளே வேறு. "டி டூர் வார் கெஷ்லோஸன்" என்றால் கதவு மூடியிருந்தது. "டி டூர் வுர்டெ கெஷ்லோஸன்" என்றால் யாரோ மூடினார்கள். தேர்வில் இதைத்தான் விரும்பிக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன்.

செய்தவரைச் சொல்ல 'ஃபொன்' போட்டு டேட்டிவ் (நம் 'கு' வேற்றுமை போன்றது), குண்டுவீச்சு போன்ற காரணம் என்றால் பெரும்பாலும் 'டுர்ஷ்' போட்டு அக்குசாட்டிவ் (நம் 'ஐ' வேற்றுமை போன்றது). எழுதும்போது, குறிப்பாக வரலாறும் செய்தியும் என்றால், தயங்காமல் 'வுர்டெ'வையே எடுங்கள், படிக்கவும் இலகுவாக இருக்கும்.

அப்புறம் 'ஹெல்ஃபன்' (உதவுதல்) போல டேட்டிவ் கேட்கும் வினைகளில் அந்த டேட்டிவ் அப்படியே நிற்கும்: "மீர் வுர்டெ கெஹோல்ஃபன்" (எனக்கு உதவி செய்யப்பட்டது) தான் சரி, 'இஷ்' (நான்) வைத்து "இஷ் வுர்டெ கெஹோல்ஃபன்" என்று எழுதாதீர்கள்.